படத்தின் பின்புறத்தில் ஒரு பெயர்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மலருக்கும் கண்காட்சிக்கும் பழைய படங்களைச் சேர்க்கும் பொறுப்பைச் சங்கம் எங்களிடம் ஒப்படைத்தது. நீங்களும் மனம் கோணாமல் அனுப்பினீர்கள். ரொறன்ரோவிலிருந்து வந்தன, லண்டனிலிருந்து வந்தன, சிட்னியிலிருந்து வந்தன. சில படங்கள் இடம்பெயர்வின்போது சேலைக்குள் சுற்றி எடுத்துச் செல்லப்பட்டவை. சிலவற்றில் மழைநீர் ஊறிய கறை இருக்கிறது. வந்த படங்களை மேசையில் பரப்பி வைத்து, முதலில் முன்புறத்தைப் பார்த்தோம். பிறகு பின்புறத்தைத் திருப்பினோம். பெரும்பாலானவற்றில் ஒன்றுமே எழுதப்படவில்லை.

வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒருவரையொருவர் கேட்டு ஓரளவு கண்டுபிடித்துவிட்டோம். "இது பெரியக்காவின் வகுப்பு", "இந்த ரீச்சர் கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போனவ" என்று தொலைபேசியில் எத்தனையோ மாலைப் பொழுதுகள் கழிந்தன. ஆனால் இந்தப் படங்களை எடுத்தவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கமராவுக்கு முன்னால் நின்றவர்களைத் தேடினோமே தவிர, பின்னால் நின்றவரைப் பற்றி நாங்களும் அதுவரை யோசிக்கவில்லை.

அதனால்தான் இன்று கமராவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தோம். கலைப்பொருட்களைப் படமெடுத்தவர் அவர். பெயர் எதெல். நம்மில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் முறைப்படி பார்த்தால் அவர் நம் அயலூருக்கு மருமகள்.

எப்படி மருமகள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் தொண்டைமானாற்றை ஒட்டிய கெருடாவில் எல்லோருக்கும் தெரிந்த ஊர். அந்த ஊர்க் குடும்பமொன்றில் 1783 இல் பிறந்தவர் குமாரசுவாமி முதலியார். கொழும்புக்குச் சென்று அரச மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1835 இல் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்தவர். அவருடைய மகள் செல்லாச்சியின் பிள்ளைகள்தான் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும். அவருடைய மகன் சேர் முத்துக்குமாரசுவாமி ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத்தை மணந்தார். அவர்களுக்கு 1877 இல் கொழும்பில் பிறந்த ஒரே பிள்ளை கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் காலமாகிவிட, தாயார் அவரை இங்கிலாந்தில் வளர்த்தெடுத்தார்.

அந்த ஆனந்த குமாரசுவாமியை 1902 இல் கைப்பிடித்தவர்தான் எதெல் பார்ட்ரிஜ். 1872 இல் டெவன் மாவட்டத்தின் பார்ன்ஸ்ரேபிள் என்ற சிறு பட்டினத்தில், மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பியானோ கற்பிக்கும் தகைமை பெற்று, வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து உழைத்தவர். மணமாகும்போது அவருக்கு 30 வயது, மாப்பிள்ளைக்கு 25 வயது நிறையவில்லை.

ஆனந்த குமாரசுவாமி படித்தது கலை அல்ல, நிலவியலும் தாவரவியலும். 1903 இல் இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாளராக இங்கே வந்தார். எதெலும் கூட வந்தார். கண்டிப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்கள் எங்கும் போனார்கள். போன இடங்களில் கற்களோடு வேறு பொருட்களும் கண்ணில் பட்டன. விகாரைச் சுவர்களில் ஓவியங்கள், எம்பக்கே தேவாலயத்தின் செதுக்கிய மரத்தூண்கள், பித்தளை விளக்குகள், தந்தச் சீப்புகள், வெற்றிலைப் பைகள், தும்பரைப் பாய்கள். அவற்றைச் செய்த கம்மாளரும் குயவரும் நெசவாளரும் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் 1815 இல் கண்டி அரசு வீழ்ந்தபின் அவர்களை ஆதரிக்க அரசவை இல்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு தலைமுறை போனால் கேட்பதற்கும் ஆள் இராது என்று இருவருக்கும் புரிந்தது. அவர் குறிப்புகளை எழுதினார். எதெல் கமராவை எடுத்தார்.

இப்போது எங்கள் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் பத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு கலைப்பொருளைப் படமெடுப்பது எவ்வளவு வேலை என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். முக்காலியில் நிறுத்தும் பெரிய கமரா. சுருளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகடு. ஒரு தகட்டில் ஒரே ஒரு படம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் உருவம் தலைகீழாகத் தெரியும். விகாரைகளின் உள்ளே வெளிச்சம் குறைவு, ஆகவே தகட்டை நீண்ட நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் முக்காலி சற்று அசைந்தாலும் படம் மங்கிவிடும். எடுத்த தகடுகள் உடையாமல், வெயிலும் ஈரமும் படாமல், மலைப்பாதையில் வீடு வந்து சேர வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. அக்காலத்துத் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். கண்டி நாட்டு விகாரை ஓவியங்களோ தெகல்தொறுவையில் போலச் சிவப்புப் பின்னணியில் வரையப்பட்டவை. படத்தை மட்டும் பார்த்தவர் அந்தச் சுவரே கறுப்பு என்று நினைத்துவிடுவார். ஆகவே படத்தோடு எழுத்துக் குறிப்பும், கையால் வரைந்த படியும் சேர வேண்டியிருந்தது. கலைப்பொருளைப் படமெடுப்பவருக்குக் கமரா எதைத் தவறாகக் காட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

கலைப்பொருளைப் படமெடுப்பதில் இன்னொரு ஒழுக்கமும் உண்டு. ஆளைப் படமெடுப்பவர் தம் கைவண்ணத்தைக் காட்டலாம். கலைப்பொருளைப் படமெடுப்பவர் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும். பொருள் நேராகத் தெரிய வேண்டும், பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும், செதுக்கலின் ஆழம் தெரியும்படி வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். பார்ப்பவர் "என்ன அழகான விளக்கு" என்று சொன்னால் வேலை சரி. அந்த இடத்தில் எடுத்தவருடைய ஞாபகம் யாருக்கும் வராது. வேலை சரியாக அமைந்தால் எடுத்தவரின் பெயர் மறந்துபோகும் தொழில் இது.

எதெலுக்கும் அதுதான் நடந்தது. இருவரும் இங்கிலாந்து திரும்பியபின், சிப்பிங் காம்ப்டனை அடுத்த புரோட் காம்ப்டனில் இருந்த எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தில் 1907 செப்டெம்பர் தொடங்கி 1908 டிசெம்பர் வரை 15 மாதங்கள் ஒரு நூல் கையால் அச்சாகியது. வில்லியம் மொறிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே பொறி. மத்தியகாலச் சிங்களக் கலை என்பது அந்த நூலின் பொருள். 425 பிரதிகள் மட்டுமே அச்சிட்டார்கள். கண்டி நாட்டுக் கைவினையையும் அதைச் செய்த மக்களின் வாழ்க்கை முறையையும் அறிய இன்றும் ஆய்வாளர்கள் முதலில் திறப்பது அந்த நூலைத்தான். அதில் உள்ள படங்களில் பெரும்பாலானவை எதெல் எடுத்தவை. நூலின் முகப்பில் இருப்பது கணவரின் பெயர் மட்டுமே.

கணவர் மறைத்துவிட்டார் என்று குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதியவரின் பெயரைப் போடுவது அந்தக் கால வழக்கம். படமெடுத்தவரை அச்சுக்கோப்பவரைப் போல ஓர் உதவியாளராக எண்ணுவதும் அந்தக் கால வழக்கம். அந்த வழக்கம் எங்கள் வீட்டு அல்பங்களில் இன்றும் இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை.

நூல் வெளிவந்து சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தார்கள். எதெல் பார்ன்ஸ்ரேபிளுக்குத் திரும்பினார். வயது 40 ஐ நெருங்கிய ஒரு பெண், கணவரின் பெயரும் இல்லாமல், அடுத்து என்ன செய்வார்? எதெல் தறியில் உட்கார்ந்தார். நெசவு கற்றார், நூலுக்குத் தாமே சாயம் தோய்த்தார். இலங்கையில் துணிகளும் தையல் வேலைப்பாடுகளும் அவரை மிகவும் கவர்ந்திருந்தன. எத்தனையோ கைவினைப் பெண்களின் கைகளைக் கண்ணாடித் தகட்டில் உற்றுப் பார்த்தவருக்கு அந்தக் கைவேலை தன் கைக்கும் வரவேண்டும் என்ற ஆசை வந்ததில் வியப்பில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1913 இல் பிலிப் மேரே என்பவரை மணந்து எதெல் மேரே ஆனார். 1916 இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். டிச்லிங் என்ற கிராமத்தில் அவர் நடத்திய நெசவுக்கூடத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தார்கள். 1937 இல் பிரித்தானியாவில் கைத்தொழில் வடிவமைப்புக்கு வழங்கப்படும் உயர் கௌரவத்தைப் பெற்ற முதற் பெண் அவர்தான். 1952 இல் காலமானார். நெசவு உலகில் அவர் பெயர் அழியாமல் இருக்கிறது. இலங்கையில் எடுத்த படங்களும் எழுதிய நாட்குறிப்புகளும் இங்கிலாந்தின் ஃபார்ன்ஹம் நகரில் உள்ள கைவினை ஆய்வு மையத்தில் அவருடைய ஏனைய ஆவணங்களோடு காக்கப்படுகின்றன. ஆனால் அவர் படமெடுத்த நாட்டில், நம் மத்தியில், அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

இந்த இடத்தில் இன்னொரு மருமகளையும் நினைத்துப் பார்க்கிறோம். அதே குடும்பத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வந்தவர் சேர் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். மருதனார்மடத்தில் 1913 இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரியோடு அவருடைய பெயர் சேர்ந்துவிட்டதால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் அவரை மறக்கவில்லை. எதெலின் வேலை ஒரு பாடசாலைக் கட்டிடமாக நிற்கவில்லை. படங்களாக இருந்தது. படத்துக்குக் கீழே பெயர் இல்லாவிட்டால் யார் நினைப்பார்கள்?

ஆனந்த குமாரசுவாமி படத்தின் அருமையை மறந்தவர் அல்லர். 1912 முதல் 1914 வரை 'விஸ்வகர்மா' என்ற பெயரில் இந்தியச் சிற்பங்களின் 100 படத்தகடுகளை வெளியிட்டார். 1917 இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றார். அங்கே 1924 இல் அல்பிரெட் ஸ்ரீக்லிற்ஸ் எடுத்த 27 புகைப்படங்கள் அவருடைய முயற்சியால் நூதனசாலையின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்ந்தன. அமெரிக்காவின் பெரிய கலைக்கூடமொன்று புகைப்படத்தையும் கலையாக ஏற்றுக்கொண்ட ஆரம்ப நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. கெருடாவில் வழிவந்த ஒருவர் அந்தக் கதவைத் திறந்தார் என்பது நமக்குப் பெருமை.

கலைப்பொருளின் படம் அழகுக்காக மட்டும் அல்ல. நம் ஆட்களுக்குக் காணி உறுதியின் அருமை நன்றாகத் தெரியும். தோம்பிலே பெயர் இல்லாத காணிக்கு எத்தனை வழக்கு! கோயில் சிலைக்கும் வாகனத்துக்கும் தேருக்கும் படம்தான் உறுதி.

தமிழகத்தில் இந்த வேலை முன்பே தொடங்கியது. லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி 1858 இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாகப் பிடித்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளமான ஒரே படமாக ஆக்கினார். பிற்காலத்தில் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில் சிற்பங்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தது. எடுத்தபோது "இவ்வளவு படங்கள் எதற்கு?" என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

எதற்கு என்பது பின்னர் தெரிந்தது. அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர்கால நடராஜர் திருடப்பட்டார். 2008 இல் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அந்தச் சிலையைப் பல மில்லியன் டொலர் கொடுத்து வாங்கி, கன்பராவில் காட்சிக்கு வைத்தது. இந்தச் சிலை எங்கள் ஊர்க் கோயிலில் இருந்தது என்று நிரூபிக்க உதவியவை புதுச்சேரிச் சேகரிப்பில் இருந்த படங்கள். 2014 இல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். சிலையைப் படமெடுத்தவருக்கு, ஒருநாள் அந்தப் படம் சாட்சி சொல்லும் என்று தெரிந்திருக்குமா?

இனி நம் ஊருக்கு வருகிறோம். ஆனந்த குமாரசுவாமியும் எதெலும் செய்த வேலை கண்டி நாட்டுக்கானது. வடபுலத்துத் தேர்களுக்கும் வாகனங்களுக்கும், சங்கடப் படலைகளுக்கும், செதுக்கிய வீட்டுக் கதவுகளுக்கும் அப்படி ஒரு நூல் அன்று எழுதப்படவில்லை. அதற்குள் எவ்வளவோ போய்விட்டன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதோம். சந்நிதியானின் பெருந்தேர் போர்க்காலத்தில் தீக்கிரையானதைச் சொல்லும்போது தொண்டைமானாற்றுப் பெண்களுக்கு இன்றும் குரல் தழுதழுக்கும். வடம்பிடித்த கைகளுக்கு அந்தத் தேரின் பாரம் நினைவிருக்கிறது. அதன் சிற்பங்கள் எந்த வரிசையில் இருந்தன என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம்.

எல்லாம் போரில் மட்டும் போகவில்லை. சமாதான காலத்திலும் போகிறது. திருப்பணி என்று வந்தால் பழைய வாகனம் மூலைக்குப் போகிறது, பழைய தூணுக்குப் பளபளக்கும் வர்ணம் பூசப்படுகிறது, ஓடு மாறுகிறது. வெளிநாட்டிலிருந்து அன்போடு அனுப்பும் பணமும் அதற்குக் காரணமாகிவிடுகிறது. புதுப்பிப்பது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. புதுப்பிக்கும் முன் ஒரு படம் எடுத்து வைக்கலாமே என்றுதான் கேட்கிறோம்.

நீங்கள் அனுப்பிய படங்களை மறுபடியும் உற்றுப் பார்த்தபோது ஒன்று கண்டுகொண்டோம். தேர்த் திருவிழாவுக்குப் போன பிள்ளைகள் பாவாடை தாவணியில் வரிசையாக நிற்கிறார்கள். நாங்கள் முகங்களைத்தான் பார்த்தோம். அவர்களுக்குப் பின்னால் ஒரு தேரின் கீழ்த்தட்டுத் தெரிகிறது. யாளியும் பூவேலையும் தெளிவாக இருக்கின்றன. கல்யாணப் படமொன்றில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் பழைய வீட்டின் செதுக்கிய வாசற்கால் நிற்கிறது. அந்த வீடு இப்போது இல்லை. யாரோ பெயர் தெரியாத ஒரு ஸ்ரூடியோக்காரர், அல்லது கமரா வைத்திருந்த ஒரு மாமா, தம்மை அறியாமலே எதெலின் வேலையைச் செய்திருக்கிறார். நம்மிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்ற எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். மிஞ்சியவை உங்கள் பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

ஆகவே சகோதரிகளே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

வீட்டில் உள்ள பழைய படங்களை ஒருமுறை வெளியே எடுங்கள். முகங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா மை படத்துக்கு ஊறிவிடும். ஊர், ஆண்டு, நிற்பவர் பெயர் எழுதியபின் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: படமெடுத்தவர் யார். தெரியாவிட்டால் அம்மாவிடம், அம்மம்மாவிடம், பெரியம்மாவிடம் இன்றே கேளுங்கள். அடுத்த வருடம் கேட்கலாம் என்று விட்டால் கேட்க ஆள் இராது.

ஊருக்கு வருபவர்கள் திருவிழாக் கூட்டத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு போகாமல், கோயிலாரின் அனுமதி பெற்று, ஒரு வாகனத்தையாவது நிதானமாகப் படமெடுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெளிச்சம் நல்லது. பிளாஷ் போட்டால் செதுக்கல் தட்டையாகிவிடும். நேராக நின்று முழுதாக ஒன்று, பிறகு பகுதி பகுதியாகச் சில. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் உயரம் தெரியும். செய்த ஆசாரியாரின் பெயரையும் உபயகாரரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

பெயர் எழுதுவது தற்பெருமை என்று நம்மைப் பெண்பிள்ளைகளாக வளர்த்தபோது சொல்லித் தந்திருக்கலாம். கோலம் போட்டவளுக்கும் பாய் இழைத்தவளுக்கும் பனையோலைப் பெட்டி பின்னியவளுக்கும் பெயர் இல்லாமலே போய்விட்டது. எதெல் இரண்டாம் தொழிலிலும் உழைத்து உயர்ந்ததால்தான் அவருடைய முதல் தொழிலையும் தேடிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை.

நூற்றாண்டு மலரில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடுத்தவர் பெயருக்கு ஓர் இடம் விட்டிருக்கிறோம். பல இடங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. மலர் உங்கள் கைக்கு வரும்போது அவற்றில் தெரிந்த பெயர்களை உங்கள் கையாலேயே எழுதி, எங்களுக்கும் அறியத் தாருங்கள். அடுத்த நூறாண்டை நடத்தப்போகும் பிள்ளைகள் அந்தப் படங்களைத் திருப்பிப் பார்க்கும்போது, பின்புறத்தில் யாரோ ஒருவர் பெயராவது இருக்கட்டும்.